விமானம் ஓட்ட முகம் எதற்கு?

விமானி வேலைக்கான விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். உரிம எண், அது காலாவதியாகும் தேதி, பறந்த மொத்த மணி நேரம், அதில் பொறுப்பு விமானியாகப் பறந்தது எவ்வளவு, இரவில் எவ்வளவு, வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது எவ்வளவு, முதல் வகுப்பு மருத்துவச் சான்று கடைசியாக எப்போது வாங்கியது என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு முப்பதாயிரம் அடிக்கு மேலே போகிறவரிடம் இவற்றையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே விண்ணப்பத்தின் வலது மேல் மூலையில், மூன்றரை சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு காலிக் கட்டம். சமீபத்தில் எடுத்த கலர் புகைப்படம் வேண்டுமாம். முன்பு பசை தடவி ஒட்டினோம், இப்போது 50 கே.பி.க்குள் சுருக்கிப் பதிவேற்றுகிறோம். மற்ற கேள்விகளுக்கெல்லாம் காரணம் சொல்ல முடிகிற நமக்கு, இந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

விமானிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2001-க்குப் பிறகு விமானி அறைக் கதவு குண்டு துளைக்காத கதவாகிவிட்டது. பயணிகள் கேட்பது குரலை மட்டும்தான். ஓட்டுகிறவர் கருப்பா சிவப்பா, பொட்டு வைத்தவரா முக்காடு போட்டவரா என்று தெரியாமலேயே மதுரையில் ஏறி மும்பையில் இறங்கிவிடுகிறோம். பயணிக்குத் தேவைப்படாத முகம், மனிதவளத் துறையின் மேசைக்கு மட்டும் ஏன் முதல் நாளே தேவைப்படுகிறது?

‘கலர் கொஞ்சம் ஏத்திரட்டுமா?’

தென்காசிக்காரர்கள் விமானம் ஏற ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டும். கிழக்கே திருநெல்வேலியைத் தாண்டி வாகைகுளம், மேற்கே புளியரைச் சோதனைச் சாவடி, ஆரியங்காவு என்று மலையேறி இறங்கினால் திருவனந்தபுரம், வடக்கே மதுரை. 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமான தென்காசியில் ஓடுபாதை கிடையாது. ஆனால் விமானத்தோடு உறவு இல்லாத தெருவும் கிடையாது. கடையநல்லூரிலும் அதன் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் ஆள் அனுப்பாத குடும்பங்கள் குறைவு.

சாரல் தொடங்கியிருந்த ஒரு ஜூன் காலையில், தென்காசி ரத வீதிப் பக்கம் உள்ள ஒரு ஸ்டுடியோவில் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். இலஞ்சிப் பக்கத்துக்காரர். வணிக விமானி உரிமம் கையில் இருக்கிறது. இந்த உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக. நாட்டில் இந்தப் பயிற்சிக்கு 50 லட்ச ரூபாய்க்குக் குறைந்து ஆவதில்லை. அதன் பிறகு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிக்கு மேலும் பல லட்சம். அப்பா வயலை விற்றிருக்கிறார். மிச்சத்துக்கு வங்கிக் கடன். அத்தனையும் கடந்து வந்தவர், பிளாஸ்டிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து குடை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோக்காரர் அறுபதைத் தாண்டியவர். இளவயதில் குற்றாலத்தில் மெயின் அருவிக் கரையில் சீசன் படம் எடுத்துப் பிழைத்தவர். கைபேசி வந்ததும் அருவிக் கரைத் தொழில் போனது. இப்போது வீட்டுக்கு அடுப்பெரிவது பாஸ்போர்ட் சைஸ் படங்களால்தான். கணினியில் அவர் வைத்திருக்கும் கோப்புறைகளைக் காட்டினார். பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, சர்க்கார் பரீட்சைக்கு ஒன்று, வெளியூர்க் கம்பெனிக்கு ஒன்று, வரன் பார்க்க ஒன்று. இன்னொரு கோப்புறை முழுக்கக் கோட்டுகள். கறுப்பு, கருநீலம், சாம்பல். தலையை மட்டும் எடுத்துக் கோட்டின் மேல் வைத்துவிட்டால் போதும், யாரும் கோட்டு வாங்க வேண்டாம்.

படம் திரையில் வந்ததும் மவுஸில் கை வைத்தபடி கேட்டார்.

“கலர் கொஞ்சம் ஏத்திரட்டுமா பாப்பா?”

“வேண்டாம் அண்ணாச்சி. நான் எப்படி இருக்கனோ அப்படியே இருக்கட்டும்.”

“கேக்கணும்லா. கேக்காம விட்டா, ஏன் அண்ணாச்சி இப்படிக் கருப்பா எடுத்துருக்கியன்னு திரும்பி வாராவ.”

பாஸ்போர்ட் படத்துக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நிறத்தை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். வேலைக்கான படத்துக்கும் வரனுக்கான படத்துக்கும்தான் கேட்கிறார். பொட்டை எடுத்துவிடவா, திருநீற்றை அழித்துவிடவா, முக்காடு இருக்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டாம். “அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? அவங்க அவங்க யோசிச்சு முடிவு பண்ணிக்கிடுவாவ” என்றார்.

அந்தக் கட்டத்தின் பொருள் அந்த ஸ்டுடியோவில்தான் எனக்கு விளங்கியது. ஆளை அடையாளம் காண மட்டுமே படம் கேட்கப்படுகிறது என்று மக்கள் நம்பியிருந்தால், உள்ளபடி இருக்கிற படத்தைத்தான் கொடுப்பார்கள். மாற்றிக் கொடுக்க நினைக்கிறார்கள் என்றால், அது எடைபோடப்படுகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே பொருள். வெள்ளையானால் நல்லது, மதம் தெரியாவிட்டால் நல்லது, கோட்டுப் போட்டால் நல்லது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. கருமையும் அழகே என்று 2009-ல் சென்னையிலிருந்து ஓர் இயக்கம் தொடங்கியதும், 2020-ல் ஒரு பெரிய முகப்பூச்சு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கியதும் வேறு எதனால்?

படம் பார்ப்பவர் மனத்தில் என்னென்ன செய்யும் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. நடராசரின் ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. அங்கே கூத்தன் சிலையாக இல்லை, சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறான். அந்த ஓவியத்தின் முன்னால்தான் கைகூப்புகிறோம்.

நம் பயோடேட்டாவின் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா, சிலவற்றில் உயரமும் எடையும், மேலே படம். வேலைக்குப் போகிற தாள், பெண் பார்க்க அனுப்புகிற ஜாதகக் குறிப்பைப் போலத்தான் இருக்கிறது. கடையநல்லூரில் ஒரே வீட்டில் இரண்டு விதமான பயோடேட்டாவைப் பார்க்கலாம். துபாய்க்குப் போவதில் படமும் மதமும் இருக்கும். லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போவதில் இரண்டும் இருக்காது. அதே பையன், அதே படிப்புதான். அந்த நாடுகளில் படம் தானாக விலகிவிடவில்லை. அமெரிக்காவில் அதை விலக்கியதற்குப் பின்னால் இருக்கும் கதைகளில் ஒன்று, ஒரு விமானியின் கதை.

படம் இல்லாமல் போன விண்ணப்பம்

மார்லன் கிரீன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1929-ல் பிறந்தவர். கறுப்பினத்தவர். அமெரிக்க விமானப் படையில் விமானி. ஜப்பானில் மீட்புப் பணியில் ஆல்பட்ராஸ் என்ற நீர்–நில விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். 1957-ல் படையிலிருந்து விலகிப் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினார். அன்று அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் எதிலும் கறுப்பின விமானி ஒருவர்கூடக் கிடையாது. விண்ணப்பத்தில் இனம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. புகைப்படம் வேண்டும் என்றும் இருந்தது. தகுதியும் அனுபவமும் இருந்தும் பதில் வரவில்லை, வந்தால் மறுப்பாகவே வந்தது.

டென்வரைத் தலைமையிடமாகக் கொண்ட கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அவர் இனம் பற்றிய கேள்வியை நிரப்பவில்லை. படத்தையும் வைக்கவில்லை. நேர்காணலுக்கும் பறக்கும் தேர்வுக்கும் அழைப்பு வந்தது. போனார், தேர்வில் தேறினார். அவரைவிடக் குறைவான மணி நேரம் பறந்திருந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

கொலராடோ மாநிலத்தில் அப்போது பாகுபாட்டுக்கு எதிரான ஆணையம் ஒன்று இருந்தது. கிரீன் அதனிடம் போனார். விசாரித்த ஆணையம், அவர் தேர்ந்தெடுக்கப்படாததற்கு ஒரே காரணம் இனம்தான் என்று கண்டது. அடுத்த பயிற்சி வகுப்பில் இடம் தர வேண்டும் என்று நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் நீதிமன்றம் போனது. விமானம் மாநிலம் விட்டு மாநிலம் பறக்கிறது, ஆகவே ஒரு மாநிலத்தின் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் வாதம். மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963 ஏப்ரல் 22-ல், நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், ஒருவர்கூட மாறுபடாமல் கொலராடோ ஆணையத்தின் பக்கம் நின்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்தும் உடனே வேலை கிடைத்துவிடவில்லை. கிரீன் கான்டினென்டலில் சேர்ந்தது 1965-ல். விண்ணப்பம் போட்டு எட்டு வருடம். அடுத்த வருடமே கேப்டன் ஆனார். 1978 வரை ஓட்டினார். 2009-ல் காலமானார். மறு வருடம் அதே நிறுவனம் தன் போயிங் 737 விமானம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

அவர் வழக்காடித் திறந்த வழியில் அவருக்கு முன்பே இன்னொருவர் நுழைந்துவிட்டார். டேவிட் ஹாரிஸ் என்ற விமானப் படை விமானியை 1964-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எடுத்துக்கொண்டது. வெளிர்நிறத் தோலும் வெளிர்நிறக் கண்களும் கொண்டவர். தம்மை வெள்ளையர் என்று நினைத்துவிடக் கூடாது என்று, நேர்காணலில் தாமாகவே தம் இனத்தைச் சொன்னார். எங்களுக்கு நிறம் முக்கியமில்லை, ஓட்டத் தெரியுமா என்பதுதான் கேள்வி என்ற பொருளில் பதில் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் கிரீனிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்று அமெரிக்காவின் சமவேலைவாய்ப்பு ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லும் அறிவுரை எளிமையானது. விண்ணப்பிப்பவரிடம் படம் கேட்காதீர்கள். அடையாளத்துக்குத் தேவையென்றால், வேலை கொடுத்து, அவர் அதை ஒப்புக்கொண்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். தென்கொரியா 2017-ல் தன் அரசு நிறுவனங்களின் விண்ணப்பங்களிலிருந்து புகைப்படத்தை எடுத்துவிட்டது.

இங்கே என்ன நடந்தது

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு, இங்கே இனவெறி இல்லையே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நம் விமானத் துறையின் பழைய பக்கங்களைப் புரட்டலாம்.

பிரேம் மாத்தூர் 1947-ல் வணிக விமானி உரிமம் பெற்றார். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் பெண் என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டார். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. 1949-ல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் ஜெயித்தார். பிறகு வந்த துர்பா பானர்ஜி 1966-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானி. விமானம் ஓட்ட அனுமதி கேட்டுப் போன அவருக்குப் பணிப்பெண் வேலை தரலாம் என்று சொல்லப்பட்டது, விமானத் துறையில் இன்றும் பேசப்படும் செய்தி. 1985 நவம்பரில் சௌதாமினி தேஷ்முக் தலைமையில் முழுக்கப் பெண்களே இயக்கிய விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. இன்று இந்திய விமானிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலகச் சராசரி ஐந்து, ஆறு பேர்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் இந்தக் கணக்கு, உள்ளே வந்த பெண்களைப் பற்றிச் சொல்கிறது. எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, எந்த நிறத்தில் வந்தார்கள் என்று சொல்வதில்லை.

வெளியே நிற்பவர்களைப் பற்றிச் சொல்வது வேறொரு ஆய்வு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் செய்து 2007-ல் வெளியிட்டது. நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம், பெயர் மட்டும் வேறு. முற்பட்ட சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எல்லாம் தனியார் நிறுவனங்கள். ஒரு பெயருக்கே இப்படியென்றால், பெயரோடு முகமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அதற்கும் ஆய்வு இருக்கிறது, ஜெர்மனியில். அங்கே விண்ணப்பத்தோடு படம் வைப்பது நெடுநாள் வழக்கம். டோரிஸ் வைக்செல்பவுமர் என்ற பொருளியலாளர் ஒரே பெண்ணின் படத்தை மூன்று விதமான விண்ணப்பங்களில் வைத்து அனுப்பினார். ஜெர்மானியப் பெயரோடு போனதற்கு நூற்றுக்கு 18.8 அழைப்பு. துருக்கியப் பெயரோடு போனதற்கு 13.5. அதே துருக்கியப் பெயர், அதே முகம், தலையில் முக்காடு சேர்ந்ததும் 4.2. 2016-ல் வெளிவந்த இந்தக் கணக்கைத் தென்காசி மாவட்டத்தில் இருந்துகொண்டு வாசிக்கும்போது மனம் கனக்கிறது. முக்காட்டோடு படம் எடுக்கலாமா என்று ஸ்டுடியோ வாசலில் தயங்கி நிற்கும் பெண்ணின் தயக்கத்துக்கு அளவு தெரிந்துவிட்டது.

நல்ல முகவெட்டு உள்ளவர்களுக்காவது படம் உதவுமா? இஸ்ரேலில் ரஃபில், ஷ்டுடினர் என்ற இருவர் 5,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். அழகான ஆண்களுக்கு, படமே வைக்காத ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழைப்பு வந்தது. பெண்களில் அதிக அழைப்பு வந்தது படம் வைக்காதவர்களுக்கு. அழகான பெண்ணின் படம் அவருக்கே கேடாக முடிந்தது. ஒருவருக்குக் கூட்டியும் இன்னொருவருக்குக் குறைத்தும் காட்டும் ஒரு தராசை விமானியைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் வைத்திருக்கிறோம்.

ஆள்மாறாட்டம் என்ற வாதம்

படம் வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் ஆள்மாறாட்டம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சர், தம் நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் தேர்வு எழுதியதாகக் குற்றச்சாட்டு. ஐரோப்பா பாகிஸ்தான் விமான நிறுவனத்துக்கு வானத்தை மூடியது. இந்தியாவிலும் 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். முன்சக்கரம் முதலில் படும்படி விமானத்தைத் தவறாக இறக்கியதிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது.

பாகிஸ்தானில் நடந்ததைத் தடுக்கப் படம் எங்கே தேவைப்பட்டது? தேர்வு அறை வாசலில். உட்கார்ந்து எழுதுகிறவர் அவர்தானா என்று பார்க்க. கைரேகையும் சேர்த்தே எடுக்கட்டும். விமான நிலையத்துக்குள் நுழையும் அனுமதி அட்டையில் படம் இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் 2011-ல் பிடிபட்டவர்கள் காட்டியது தங்கள் சொந்த முகத்தைத்தான். பொய்யாக இருந்தது மதிப்பெண். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

அடையாளம் காண்பதும் எடைபோடுவதும் வேறு வேறு வேலைகள். இதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்வு எழுதிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். விடைத்தாளின் மேலே முகப்புத்தாள் தைத்திருக்கும். அதில் மாணவரின் படம், பெயர், பதிவெண் எல்லாம் அச்சாகியிருக்கும். தேர்வறையில் கண்காணிப்பாளர் படத்தையும் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். திருத்தும் மையத்துக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பகுதியைக் கிழித்தெடுத்துவிடுவார்கள். திருத்துகிற ஆசிரியருக்கு முகமும் தெரியாது, பெயரும் தெரியாது, எந்த ஊர் என்பதும் தெரியாது. கையில் இருப்பது எண்ணும் விடையும்தான். ஆள்மாறாட்டமும் நடக்கவில்லை, பாரபட்சமும் நடக்கவில்லை. லட்சக்கணக்கான தாள்களுக்கு ஒவ்வொரு வருடமும் அரசுத் தேர்வுத் துறை இதைச் செய்துகொண்டிருக்கிறது. சில நூறு விமானிகளை எடுக்கும் நிறுவனங்களால் இதைச் செய்ய முடியாதா?

செய்வதற்கான ஏற்பாடும் தயாராகவே இருக்கிறது. இந்தியாவில் விமானி தேர்வு எழுதும் ஒவ்வொருவருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி.சி.ஏ., ஓர் எண் தருகிறது. கம்ப்யூட்டர் நம்பர் என்றுதான் பயிற்சி விமானிகள் சொல்வார்கள். தேர்வு முடிவுகளெல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் வருகின்றன. 2025 பிப்ரவரி 20 முதல் உரிமமே மின்னணு வடிவில் கைபேசியில் கிடைக்கிறது. சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த இரண்டாவது நாடு இந்தியா. விமான நிறுவனம் முதல் சுற்றில் கம்ப்யூட்டர் நம்பரையும் பறந்த மணிக் கணக்கையும் மட்டும் வாங்கி, எழுத்துத் தேர்வையும் சிமுலேட்டர் தேர்வையும் அந்த எண்ணிலேயே நடத்தி மதிப்பெண் போடட்டும். முகத்தைத் தேர்வு அறை வாசலில் காவலர் பார்க்கட்டும். வேலைக் கடிதம் கொடுத்த அன்று படம் வாங்கி அடையாள அட்டையில் ஒட்டட்டும்.

சட்டம் இதைக் கட்டாயமாக்குமா என்றால், இன்றைய நிலையில் இல்லை. அரசு வேலையில் சம வாய்ப்பை அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவு காக்கிறது. தனியார் நிறுவனம் ஆளெடுக்கும்போது சாதி, மதம், நிறம் பார்க்கக் கூடாது என்று முழுமையாகத் தடுக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் கிடையாது. பெண்களுக்கு 1976-ன் சம ஊதியச் சட்டம் வந்தது, திருநர்களுக்கு 2019-ன் சட்டம் வந்தது. 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள், முதல் முறை கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றத்தில் உடைத்தார்கள் என்றால், ஏர் இந்தியா அரசு நிறுவனமாக இருந்ததால் அது முடிந்தது. 2022 ஜனவரியில் அது டாடா கைக்குப் போய்விட்டது. அதன் மீது இனி ரிட் மனு செல்லாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெரிய விமான நிறுவனங்கள் அனைத்தும் இப்போது தனியார் கையில்தான்.

ஆகவே இதைச் செய்ய வேண்டியது டி.ஜி.சி.ஏ. அதற்கு மாற்றம் செய்யத் தெரியும். கேரளத்தைச் சேர்ந்த ஆடம் ஹாரி என்ற திருநம்பி விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று முதலில் சொன்ன அதே அமைப்பு, 2022 ஆகஸ்டில் திருநர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டு வழிவிட்டது. நிறுவனங்களும் நினைத்தால் முடியும். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பட்டம் இல்லாத பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. பட்டம் என்ற கட்டத்தையே ஒரு மென்பொருள் நிறுவனம் எடுத்துவிட்டுத் தொழில் நடத்த முடிகிறது என்பதை இந்த மாவட்டத்து மக்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

இதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15, 20 வருடங்களில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று 2025 மார்ச்சில் விமானத் துறை அமைச்சர் சொன்னார். வரப்போகும் அத்தனை பேரும் மாநகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து மட்டும் வர முடியாது. ஆலங்குளத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வர வேண்டும்.

எப்படியும் நேர்காணலில் முகம் தெரியத்தானே போகிறது, முதல் நாள் மறைத்து என்ன பயன் என்று அந்த இலஞ்சிப் பெண்ணின் அப்பாவே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கிரீனுக்கும் அதுதான் நடந்தது. நேரில் பார்த்த பிறகு அவரை ஒதுக்கினார்கள். ஆனால் அதற்குள் அவர் பறக்கும் தேர்வை முடித்திருந்தார். அவருடைய மணிக் கணக்கும், தேர்வில் தேறிய குறிப்பும், அவரோடு தேர்வுக்கு வந்தவர்களின் கணக்கும் நிறுவனத்தின் கோப்பிலேயே இருந்தன. ஆணையம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான், இனத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்று எழுத முடிந்தது. படத்தை வைத்து அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே விண்ணப்பம் குப்பைக்குப் போயிருக்கும். தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, வழக்கும் இல்லை. தகுதி எழுத்தில் பதிவான பிறகு முகத்தைப் பார்த்து ஒருவரை நிராகரித்தால், அந்த நிராகரிப்புக்கு நிறுவனம் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அந்தப் படத்த வைக்காமலே அனுப்பலாமா சார்?” என்று கேட்டார். இப்போதைக்கு முடியாது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விண்ணப்பம் விடுவதில்லை.